இருபது வயதில் வயிறு 95 சென்டிமீட்டர்: அப்பாவின் மாத்திரை எனக்கு வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 20. வீடு மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில். ரெதுயில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். உயரம் 171 செ.மீ., எடை 79 கிலோ. அப்பாவுக்கு 42 வயதிலிருந்தே சர்க்கரை நோய் என்பதால் அம்மா என்னையும் வற்புறுத்திப் பரிசோதனைக்கு அனுப்பினார். காலையில் ஒரு கப் பால் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை 5.8, மொத்தக் கொலஸ்ட்ரால் 5.0, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 2.3, எச்.டி.எல். 0.9 (எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) என்று வந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடி, போய்ச் சேர்ந்தவுடன் பார்த்த ரத்த அழுத்தம் 136/84. வயிற்றுச் சுற்றளவு 95 செ.மீ. ஒரு டாக்டர் ‘சர்க்கரை நார்மல்தான்’ என்றார். இன்னொருவர் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்றார். கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கிறது. அம்மா எலுமிச்சை தேய்க்கச் சொல்கிறார். காலையில் சாப்பிடுவதில்லை. மதியம் ஒரு ஜோடி தோல் புரியும் (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) அரை லிட்டர் கோலாவும், சில நாள் மின் ஃப்ரிர் என்ற வறுத்த நூடுல்ஸ். மாலையில் காத்தோ பிமா என்ற மிளகாய் வடை. இரவுச் சாப்பாடு 9.30க்கு. படுக்க 2 மணி ஆகிறது, 6.30க்கு எழுகிறேன். நாளுக்கு 4 கப் தேநீர், கப்புக்கு 2 கரண்டி சர்க்கரை. சோற்றை விட்டுவிடட்டுமா? அப்பாவின் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினில் பாதி போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மெட்ஃபார்மினைத் தொட வேண்டாம். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். அதற்கு முன் உங்கள் எண்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பார்க்க வேண்டும். நீங்கள் குடித்துவிட்டுப் போன அந்த ஒரு கப் தேநீர் பாதிக் கணக்கைக் கலைத்துவிட்டது.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் தனியொரு நோயின் பெயர் அல்ல. ஒரே வேரிலிருந்து கிளைக்கும் ஐந்து குறைபாடுகளில் எவையேனும் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அப்படிச் சொல்கிறோம். உலக அளவிலான நீரிழிவு, இதய நோய் அமைப்புகள் 2009இல் சேர்ந்து ஒப்புக்கொண்ட அளவுகள் இவை. வயிற்றுச் சுற்றளவு, இந்திய வம்சாவளி ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு 1.7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். ஆணுக்கு 1.0க்கும், பெண்ணுக்கு 1.3க்கும் கீழே. ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85ஐத் தொட்டாலும் கணக்கில் வரும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.6 அல்லது அதற்கு மேல். இணையத்தில் தேடினால் ஆணுக்கு 102 செ.மீ. என்று கண்ணில் படும். அது அமெரிக்க அளவு. நம் உடல்வாகுக்கு 90தான் எல்லை. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம்மவர் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும் என்பதே காரணம். எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் உங்களுக்கு 27 வருகிறது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும்.

இப்போது உங்கள் ஐந்தைப் பிரித்துப் பார்ப்போம். வயிறு 95, உறுதி. எச்.டி.எல். 0.9, அதுவும் உறுதி. ஒரு கப் தேநீரால் அந்த எண் பெரிதாக மாறாது. மற்ற மூன்றும் சந்தேகத்தில் நிற்கின்றன. பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் வயிற்றில் இருக்கும்போது எடுத்த 5.8ஐ வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று யாரும் படிக்க முடியாது. டிரைகிளிசரைடும் அப்படியே, அதைத் தேநீர் மட்டுமல்ல, முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள், குடித்தீர்கள் என்பதும் ஏற்றும். ஓடி வந்து மூச்சு வாங்கும்போது பார்த்த ரத்த அழுத்தத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இரண்டு டாக்டர்களும் முரண்பட்டது பற்றிக் குழம்ப வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.1ஐத் தொட்டால்தான் கோளாறு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கோடு. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 5.6லேயே கோடு போடுகிறது. முதல் டாக்டர் ஒரு கோட்டை வைத்துப் பார்த்தார், இரண்டாமவர் மற்றதை. அப்பாவுக்கு 42இல் சர்க்கரை வந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் 5.6ஐத்தான் எல்லையாக வைப்பேன். மொரீஷியஸில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி. அப்படிப்பட்ட நாட்டில் தாராளமான எல்லை நமக்கு உதவாது.

கழுத்துக் கறுப்புதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி. தோல் தடித்து, வெல்வெட் துணி போல் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதைத் தோல் காட்டும் விதம். அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சை தேய்த்தால் எரிச்சலும் புண்ணும்தான் மிஞ்சும். இன்சுலின் இறங்கினால் சில மாதங்களில் கறுப்பும் மெல்ல வெளுக்கும். அம்மாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் பரிசோதனைக்கு அனுப்பியது மிகச் சரியான காரியம்.

உள்ளே நடப்பது இதுதான். தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடம் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுதான். நம்மவர்க்கு அது சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. குதிர் நிரம்பினால் நெல் முற்றத்தில் கொட்டுவதுபோல, மிஞ்சிய கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் தசைக்குள்ளும் போய் அடைகிறது. கொழுப்படைந்த தசை, இன்சுலின் சொல்லுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிக இன்சுலின் சுரக்கிறது. கல்லீரலோ வந்து சேரும் சர்க்கரையை, முக்கியமாக இனிப்புப் பானங்களில் உள்ள ஃபிரக்டோஸை, டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டிரைகிளிசரைடு பெருகினால் எச்.டி.எல். துகள்கள் சிறுத்து, சீக்கிரம் சிதைந்து போகின்றன. அதிக இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைப்பதால் அழுத்தமும் ஏறுகிறது. ஐந்தும் கூட்டாக வருவது இதனால்தான்; குறையும்போது கூட்டாகக் குறைவதும் இதனால்தான்.

ஆகவே முதல் வேலை, பரிசோதனையைச் சரியாகத் திரும்பச் செய்வது. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு முடித்து, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுங்கள். இடையில் தண்ணீர் மட்டும். தேநீர், சூயிங்கம், சிகரெட் எதுவும் கூடாது. அதற்கு முந்தைய மூன்று நாள் பீரோ ரம்மோ வேண்டாம். மது டிரைகிளிசரைடைத் தூக்கிவிடும். காய்ச்சல், சளி இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். சர்க்கரை, கொழுப்பு வகைகள் இவற்றோடு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கல்லீரலுக்கான ஏ.எல்.டி. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் சர்க்கரைக்கு முந்தைய நிலை. வீட்டில் யாருக்காவது தலசீமியாவோ தீராத ரத்தசோகையோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹெச்பிஏ1சி அப்போது பொய் சொல்லும். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அரசு சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்த்துக் குடும்ப வரலாற்றைச் சொன்னால் அங்கேயே எழுதித் தருவார். அரசு மருத்துவம் இங்கே இலவசம்.

ரத்த அழுத்தத்தை வீட்டில் பாருங்கள். அப்பாவுக்காக மேல்கைக் கருவி இருக்கும். கைப்பட்டை உங்கள் கைக்குப் போதுமான அளவா என்று முதலில் கவனியுங்கள். சின்னப் பட்டையைப் பருத்த கையில் இறுக்கினால் எண் கூடுதலாக வரும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீர், எனர்ஜி டிரிங்க், சிகரெட் ஆகாது. கை நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், 7 நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியைச் சராசரி போடுங்கள். சராசரி 135/85ஐத் தொட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வயிற்றை அளப்பதிலும் பலர் தவறுகிறார்கள். பேன்ட் இடுப்பளவு இதற்கு உதவாது; பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டு, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், தோலை அமுக்காமல், வயிற்றை உள்ளிழுக்காமல் படியுங்கள். மாதம் இரண்டு முறை போதும். உங்கள் முதல் இலக்கு 90க்குக் கீழே. அடுத்தது உயரத்தில் பாதி, அதாவது 85.5. தராசைவிட இந்த டேப்பை நம்புங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சோற்றை விட வேண்டாம். சோற்றை அடியோடு நிறுத்தியவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் 2, 3 கிலோ இறங்கும். அதில் பெரும்பங்கு தண்ணீர். பரீட்சை நெருங்கியதும் பசி தாங்காமல் பிரெட்டும் பிஸ்கட்டும் உள்ளே போய், எடை வட்டியோடு திரும்பும். உங்கள் கடிதத்தில் சோற்றைவிடப் பெரிய குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறது. கோலா பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் அரை லிட்டரில் 50 கிராம். நாலு கப் தேநீரில் எட்டுக் கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 32. ஆக 82 கிராம் சர்க்கரையை ஒரு நாளில் மெல்லாமலே விழுங்குகிறீர்கள். நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கோலாவை இன்றே நிறுத்துங்கள், படிப்படியாக வேண்டாம். பதிலுக்குப் பழச்சாறு, அலுதா என்ற இனிப்புப் பால் பானம் என்று போகாதீர்கள். அவையும் சர்க்கரைத் தண்ணீர் வகைதான். தண்ணீர், அல்லது எலுமிச்சை பிழிந்த சோடா போதும். தேநீரில் மட்டும் படிப்படியாகக் குறையுங்கள், நாக்கு பழக நேரம் வேண்டும்: இந்த வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று, பிறகு அரை, நாலாவது வாரம் இல்லை. வனிலா தேநீருக்கு வாசனையே பாதி இனிப்பு. பால் குறைத்துக் குடித்தால் சர்க்கரை இல்லாதது தெரியாது. நாட்டுச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை கெடுதல் செய்யாது என்று நம் தீவில் பலரும் நம்புகிறார்கள். கரும்பு நம்முடையது என்பதால் வரும் பாசம் அது. பழுப்போ வெள்ளையோ தேனோ, கல்லீரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

தோல் புரியை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே பருப்பு இருக்கிறது, கூடவே குரோ புவா என்ற பெரிய அவரைக்கொட்டைக் கறி, தக்காளி ருகாய் என்ற தொக்கு வருகிறது. ஒரு ஜோடியோடு நிறுத்தி, கறியைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு, தண்ணீரோடு சாப்பிட்டால் அது நல்ல மதியச் சாப்பாடு. மின் ஃப்ரிர் வேறு கதை: எண்ணெய், மாவு, சோயா சாஸ் உப்பு மூன்றும் சேர்ந்தது. வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நண்பரோடு ஒரு பெட்டியைப் பங்கிடுங்கள். அதே கடையில் சௌசௌ பூலெத் (சௌசௌ காய் உருண்டை) கிடைத்தால் அது எவ்வளவோ மேல், ஆவியில் வெந்தது. சூப்பை மட்டும் முழுக்கக் குடிக்காதீர்கள், உப்பு அதில்தான். காத்தோ பிமா இரண்டோடு நிற்காது என்பது எனக்கும் தெரியும். பையில் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியோ ஒரு பழமோ இருந்தால் கடைப் பக்கம் கால் போகாது.

மதியப் பசி உங்களை இழுத்துப் போவதற்குக் காலைப் பட்டினியும் ஒரு காரணம். இரண்டு முட்டையும் சின்ன ரொட்டி ஒன்றும், அல்லது டின் மத்தியும் ரொட்டியும், பத்து நிமிட வேலை. இரவில் வீட்டுச் சாப்பாட்டின் அளவையும் வரிசையையும் மட்டும் மாற்றுங்கள். தட்டில் பாதி கீரையும் காயும், கால்வாசி பருப்போ மீனோ கோழியோ, மீதிக் கால்வாசி சோறு; வடித்த சோறு ஒரு தேநீர்க் கோப்பை, பசித்தால் ஒன்றரை. பிரேத் முரும் என்று சந்தையில் விற்கும் முருங்கைக்கீரையில் பூயோன் என்ற தெளிந்த சூப் வைத்து அதை முதலில் குடித்தால் சோற்றளவு தானாகக் குறையும். இதை உங்களுக்கு மட்டும் தனிச் சமையலாக வைக்கச் சொல்லாதீர்கள். அப்பாவுக்கும் வேண்டியது இதே தட்டுதான். நாடே சமையலறையை மாற்றிப் பார்த்திருக்கிறது. 1987இல் மொரீஷியஸில் பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெயை முழுக்கச் சோயா எண்ணெய்க்கு மாற்றினார்கள். 1992க்குள் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5லிருந்து 4.7க்கு இறங்கியது. யாரும் மாத்திரை போட்டு அது நடக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நாலரை மணி நேரத் தூக்கம் உங்கள் கோலாவுக்கு இணையான கேடு. 1999இல் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் குறுகிய காலத்திலேயே அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. 2 மணிக்குப் படுப்பவர் நாளைக்கே 11க்குப் படுக்க முடியாது. நாலு நாளுக்கு அரை மணி வீதம் முன்னால் நகர்த்துங்கள். மூன்று வாரத்தில் 11.30 வந்துவிடும். மாலை 4க்குப் பிறகு தேநீர் வேண்டாம். கணினியில் கேம் ஆடுபவராக இருந்தால் அதை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்து, படிப்பைப் பின்னால் வையுங்கள். படிப்பை விட்டு எழுந்து படுப்பது சுலபம், கேமை விட்டு எழுவது கடினம்.

நடையும் தசையும் இரண்டும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். மாணவர்க்குப் பேருந்து இலவசம் என்பதால் இரண்டு நிறுத்தத்துக்குக்கூட ஏறுகிறோம். மெட்ரோவோ பேருந்தோ, ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை, சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் இழுத்துக்கொள்ளும். ஞாயிறன்று நண்பர்களோடு கியூர்பிப் போய் த்ரூ ஓ செர்ஃப் எரிமலைக் குழியைச் சில சுற்றுச் சுற்றி வாருங்கள். வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், உட்கார்ந்து எழுவது 12, மேசை விளிம்பில் கையூன்றித் தண்டால் 10, ஐந்து கிலோ புத்தகப் பையைக் குனிந்து இழுப்பது கைக்கு 12. மூன்றையும் மூன்று சுற்று. வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டுங்கள். கணினி முன் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள்.

இனி மெட்ஃபார்மின். அமெரிக்காவில் சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. உணவு, நடை, 7 சதவீத எடைக் குறைப்பு என்ற இலக்கோடு போனவர்களில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மாத்திரைக்காரர்களில் 31. இந்தியாவில் 2006இல் வந்த ஆய்வில் வித்தியாசம் குறைவு, 28.5க்கு 26.4, அங்கும் மாத்திரை முந்தவில்லை. அமெரிக்க ஆய்வில் 25 வயதுக்குக் கீழே யாரும் இல்லை. உங்களுக்கு அந்த நிலை இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. இன்னொன்று: அப்பாவின் பெட்டியில் இருப்பது வெறும் மெட்ஃபார்மின்தானா, வேறு மருந்து கலந்ததா என்று உங்களால் சொல்ல முடியாது. இன்சுலினைத் தூண்டிச் சுரக்கவைக்கும் கிளிக்லசைடு போன்றது கலந்திருந்தால் சர்க்கரை நோயில்லாத உங்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வரலாம்.

உங்கள் எடையில் 7 சதவீதம் ஐந்தரை கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். அதற்கு மேல் அவசரம் வேண்டாம். 12 வாரம் கழித்து அதே முறையில் ரத்தம் கொடுங்கள். டிரைகிளிசரைடு முதலில் இறங்கும், சில வாரத்திலேயே. எச்.டி.எல். கடைசியில்தான் அசையும்; 0.9 அப்படியே நின்றால் சோர்ந்துவிடாதீர்கள். புகைப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள், எச்.டி.எல்.லுக்கு அதுவே பெரிய உதவி.

சிலவற்றுக்கு 12 வாரம் காத்திருக்கக் கூடாது. திரும்ப எடுத்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 5.6க்கு மேல், ஓய்வில் பார்த்த அழுத்தம் பல நாள் 140/90க்கு மேல் என்றால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். தாங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், முயலாமலே எடை இறக்கம் மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே.

வீட்டில் அக்காவோ தங்கையோ இருந்தால் அவர்கள் வயிற்றையும் அம்மா டேப்பால் அளக்கட்டும். அவர்களுக்கு எல்லை 80. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலோ முகத்தில் முடி கூடினாலோ அதுவும் இதே வேரின் கிளையாக இருக்கலாம். அவர்களையும் அதே நாளில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போங்கள்.